பெட்டி வேண்டாம், ராணி அறை அனுப்புங்கள்

சென்ற வருஷம் மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது. நாகூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு அம்மா பேசினார். கஜா புயலுக்கு முன்னால் அவர் தோப்பில் ஆறு தேனீப் பெட்டிகள் இருந்தன. 2018 நவம்பரில் மரங்களோடு பெட்டிகளும் போயின. பிறகு மெல்ல ஒரே ஒரு பெட்டியைத் தேற்றி வைத்திருந்தார்.

"ஐயா, பெட்டியிலே ராணியைக் காணோங்க. முட்டையும் இல்லே. மூடின புழு மட்டுந்தான் இருக்கு."

"ராணி அறை ஏதாவது கட்டியிருந்துச்சாம்மா?"

"ஆறு இருந்துச்சுங்க. பயிற்சியிலே சொன்ன மாதிரி எல்லாத்தையும் நசுக்கிட்டேன்."

"கூட்டம் பிரிஞ்சு போச்சா?"

"நசுக்கினதுக்கு முந்தின நாள் பூவரச மரத்திலே ஒரு கூட்டம் தொங்குச்சுன்னு பக்கத்து வீட்டுப் பையன் இப்பத்தான் சொல்றான்."

விஷயம் புரிந்துவிட்டது. பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு மரத்துக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பதிலாக வளர்ந்துகொண்டிருந்த ஆறு ராணிகளையும் இந்த அம்மா தன் கட்டை விரலால் நசுக்கிவிட்டார். குற்றம் அவருடையது அல்ல. ராணி அறையைக் கண்டால் நசுக்கு, கூட்டம் பிரியாது என்றுதான் எல்லோருக்கும் சொல்லித் தருகிறார்கள். நசுக்குவதற்கு முன்னால் பழைய ராணி உள்ளே இருக்கிறாளா என்று பார், இன்று போட்ட முட்டை இருக்கிறதா என்று பார் என்பதை யாரோ சொல்ல மறந்துவிட்டார்கள். சொல்லியிருந்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லியிருப்பார்கள்.

அதே செவ்வாய்க்கிழமை போலகத்தில் என் வீட்டுக் கொல்லையில் மூன்றாம் எண் பெட்டியில் ஒன்பது ராணி அறைகள் இருந்தன. கூட்டம் பிரிந்துவிடக் கூடாதே என்று பழைய ராணியை மூன்று சட்டங்களோடு வேறு பெட்டிக்கு மாற்றியிருந்தேன். மிச்சக் கூட்டத்துக்கு ஓர் ராணி போதும், முன்ஜாக்கிரதையாக இரண்டு அறைகளை விடலாம். பாக்கி ஏழையும் அன்று சாயங்காலம் நசுக்குவதாக இருந்தேன். இங்கே ஏழு ராணிகளைக் கொல்லப்போகிறேன், பத்து கிலோமீட்டர் தள்ளி ராணி இல்லாமல் ஒரு கூட்டம் சாகப்போகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

என்னைப் பற்றி இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்து, ப்ரெவே தேறி, அரசாங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, எழுத்தராகவே கொஞ்சம் மேலே ஏறி, ஓய்வு பெற்றவன். தேனீ என் குலத்தொழில் அல்ல. ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க முடியாமல் ஒரு நியூட்டன் பெட்டி வாங்கினேன். இதை 1910களில் வடிவமைத்தவர் திருச்சியில் இருந்த சேசு சபைப் பாதிரியார் நியூட்டன். நம் நாட்டு அடுக்குத் தேனீயின் உடலுக்கும் குடும்ப அளவுக்கும் ஏற்றபடி சிறியதாகச் செய்தார். இன்றும் தமிழ்நாட்டில் பெரும்பாலும் அதுதான் ஓடுகிறது. எறும்பு ஏறாமல் இருக்க ஸ்டாண்டின் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம், மத்தியான வெயில் படாமல் புங்க மர நிழல். உளுந்து பூக்கும்போது கொஞ்சம், வேம்பு பூக்கும்போது கொஞ்சம், தென்னை எப்போதும். தேன் விற்றுப் பணக்காரனாக நினைப்பவர்கள் வேறு ஊரில் வீடு பார்க்கவும்.

பிரெஞ்சு படித்ததால் ஒரு லாபம் கிடைத்தது. பிரான்சுவா ஹூபெர் எழுதிய புத்தகத்தை மருமகன் இணையத்திலிருந்து எடுத்து அச்சடித்துக் கொடுத்தார். ஜெனீவாக்காரர். சிறு வயதிலேயே பார்வை போய்விட்டது. அவருடைய உதவியாளர் பிரான்சுவா பூர்னான் பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்ல, ஹூபெர் கேள்வி கேட்டுக் கேட்டு, 1792இல் தேனீக்களைப் பற்றிய தன் ஆராய்ச்சிகளைக் கடித வடிவில் புத்தகமாகப் போட்டார். ராணி கூட்டுக்குள்ளே சினைப்படுவதில்லை, வெளியே பறந்து போய்த்தான் ஆண் தேனீக்களோடு சேருகிறாள் என்று நிறுவியவர் அந்தக் கண் தெரியாத மனிதர். முதலில் வெளியே வரும் ராணி மற்ற ராணி அறைகளைத் தேடிப்போய்த் துளைத்துக் கொட்டிக் கொல்வதையும் அவர் எழுதியிருக்கிறார். வாசிக்கும்போது எனக்கு வரிக்கு வரி சொந்த அனுபவமாக இருந்தது. எனக்கும் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, அறைக்குள் கிடக்கும் முட்டை எனக்குத் தெரியாது. வேளாண்மை படிக்கும் என் பேத்திதான் பார்த்துச் சொல்வாள். "தாத்தா, நிற்கிறது", "தாத்தா, சாய்ந்துவிட்டது" என்பாள். நிற்கிற முட்டை அன்று போட்டது, படுத்துவிட்டது என்றால் மூன்றாம் நாள்.

இனி அந்த ஒன்பது அறைகளுக்கு வருவோம்.

ராணி அறை என்பது அடையின் கீழ் விளிம்பில், வேர்க்கடலையைத் தொங்கவிட்டது போல, வாய் கீழே பார்த்தபடி இருக்கும். உள்ளே இருப்பது மற்றப் புழுக்களைப் போலத்தான் பிறந்தது. விடாமல் அரசக் கூழ் ஊட்டப்படுவதால் ராணியாகிறது. முட்டையாக மூன்று நாள், புழுவாக ஐந்து நாள் சொச்சம். பிறகு அறையை மெழுகால் மூடிவிடுவார்கள். மூடியபின் ஏறக்குறைய ஒரு வாரம். ஆக, முட்டை போட்டதிலிருந்து 15, 16 நாளில் ராணி வெளியே வந்துவிடுவாள். பணித்தேனீக்கு அதைவிட நாலைந்து நாள் அதிகம் ஆகும்.

இந்த ஒரு வாரத்தில் நடப்பதுதான் முக்கியம். புழு கூட்டுப்புழுவாகி, கண், கால், சிறகு எல்லாம் அந்த இருட்டில் உருவாகின்றன. மூடிய முதல் நாலு நாளில் அறையைச் சாய்த்தால், தட்டினால், குளிர விட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. அறை அப்படியே அழகாக இருக்கும். ஆனால் உள்ளே சிறகு கசங்கிப்போகும், அல்லது உயிரே போகும். கூட்டுக்குள் தேனீக்கள் 34, 35 டிகிரியில் அதைக் காத்து நிற்கின்றன. அதைவிட்டு வெளியே எடுத்த நிமிஷத்திலிருந்து அந்தப் பொறுப்பு நம்முடையது. ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் ராணி உள்ளே முழுசாக உருவாகிவிட்டாள், ஓடு கெட்டிப்பட்டுக்கொண்டிருக்கிறது. எடுத்துப்போக அதுதான் நேரம். ஏழாம் நாள் என்று தள்ளிப்போட்டால் வழியிலேயே ஒருத்தி வெளியே வந்து, கூட இருக்கும் மற்றவர்களைத் தீர்த்துக்கட்டிவிடுவாள். நாள் கணக்கு தவறிவிட்டால் அறையின் நுனியைப் பார்க்க வேண்டும். ராணி தயாரானதும் பணித்தேனீக்கள் நுனி மெழுகைச் சுரண்டி எடுத்துவிடும், உள்ளே இருக்கும் பழுப்புக் கூடு தெரியும். மொட்டையடித்த தலை மாதிரி இருக்கும். அது தெரிந்தால் எடுக்கலாம்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் தப்பு செய்தேன். அதைச் சொல்லாமல் அறிவுரை சொல்வது நியாயமில்லை.

பேத்தி சனிக்கிழமை பார்த்தபோது இரண்டு அறைகள்தான் மூடியிருந்தன. மற்றவற்றை ஞாயிறு இரவுக்கும் திங்கட்கிழமைக்கும் இடையில் மூடியிருக்க வேண்டும். ஆக, முதல் இரண்டும் வியாழன் வெள்ளி வரை காத்திருக்க வேண்டியவை. ஆனால் அந்த அம்மா போனில் அழாத குறை. நம் நாட்டுத் தேனீக்கு ராணி இல்லாமல் போனால் சீக்கிரமே பணித்தேனீக்கள் தாமே முட்டை போட ஆரம்பித்துவிடும், ஒரே அறையில் இரண்டு மூன்று. அவற்றிலிருந்து ஆண் தேனீதான் வரும். அந்த நிலைக்கு வந்த கூட்டம் புது ராணியையும் லேசில் ஏற்காது. அவசரப்பட்டேன். புதன்கிழமை காலையில், மூடிய நாலாம் நாளிலேயே, அந்த இரண்டு அறைகளையும் சுற்றிலும் விரற்கடை அடையோடு கத்தியால் வெட்டினேன்.

எடுத்துப்போன விதத்தில் குறை இல்லை என்றுதான் நினைத்தேன். வாய் அகலமான பிளாஸ்க். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி வைத்திருந்து கொட்டிவிட்டு, நன்றாகத் துடைத்து, அடியில் பஞ்சு. அறைகளை நுனி கீழே பார்க்கும்படி ஒரு அட்டையில் குத்தி நிறுத்தி, மேலே மறுபடி பஞ்சு. மூடியை இறுக்கவில்லை. பேத்தி ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் மடியில் பிளாஸ்க்கோடு. கோயில் பிரசாதம் கொண்டுபோவது போலத்தான் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊருக்கும் அந்த அம்மா ஊருக்கும் நடுவில் மாநில எல்லை இருக்கிறது. காரைக்கால் பக்கமிருந்து வரும் வண்டிகளைச் சாராயத்துக்காகச் சோதிப்பது இங்கே எல்லோருக்கும் பழக்கம். ஒரு சாவடியில் நிறுத்தினார்கள்.

"என்ன பெரியவரே, பிளாஸ்க்கிலே?"

"ராணிங்க."

"எந்த ராணி?"

நான் விளக்குவதற்குள் மூடியைத் திறந்து, பஞ்சை எடுத்து, கவிழ்த்து ஒரு உதறு உதறிப் பார்த்துவிட்டார். அட்டை விழுந்தது. பேத்தி குனிந்து பிடித்தாள். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. எழுபது வயதுக்காரன் ராணியைப் பிளாஸ்க்கில் வைத்திருப்பதாகச் சொன்னால் நானாக இருந்தாலும் திறந்துதான் பார்ப்பேன்.

தோப்புக்குப் போய், இரண்டு அறைகளின் பக்கவாட்டிலும் நுனியை மட்டும் விட்டு அலுமினியத் தாள் சுற்றினோம். தேனீக்களுக்குப் பிடிக்காத அறையைப் பக்கத்திலிருந்துதான் கிழிக்கும், ராணி வெளியே வருவது நுனி வழியாக. இரண்டு சட்டங்களுக்கு நடுவில், புழு இருக்கும் சூடான இடத்தில், பொருத்திவிட்டு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி போன். போய்ப் பார்த்தால் ஒரு அறை அப்படியே இருந்தது. பிளந்து பார்த்தோம், வெள்ளையாக, செத்த கூட்டுப்புழு. இன்னொன்றிலிருந்து ராணி வந்திருந்தாள். இடது பக்கச் சிறகுகள் கசக்கிப் போட்ட காகிதம் போல இருந்தன. பறக்க முடியாத ராணியால் ஆண் தேனீக்களைச் சேர முடியாது. கூட்டம் அவளையே ராணி என்று நம்பிக் காத்திருந்து, நாள் கடந்து அழியும்.

உதறியதாலா, நாலாம் நாளே எடுத்ததாலா, ரோட்டுப் பள்ளத்தாலா? எனக்கு நாலாம் நாள் மேல்தான் சந்தேகம் அதிகம்.

நல்லவேளையாக என் பெட்டியில் திங்கட்கிழமை மூடிய அறைகள் இருந்தன. அவற்றை நான் இன்னும் நசுக்கவில்லை. மூத்த இரண்டையும் எடுத்துவிட்டதால், முதலில் வெளியே வந்து மற்றவற்றைக் கொல்ல யாரும் இல்லை. அன்று ஞாயிறு, ஆறாம் நாள். நுனி மொட்டையாகிப் பழுப்புத் தெரிந்தது. அந்த அம்மாவிடம் சிறகு கெட்ட ராணியைப் பிடித்து அகற்றச் சொன்னேன், அவள் இருந்தால் புது அறையை விட்டுவைக்க மாட்டாள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஒரே ஒரு அறையோடு புறப்பட்டோம். இந்தத் தடவை பிளாஸ்க் இல்லை. சின்ன மருந்து டப்பாவில் பஞ்சு வைத்து, அறையை நுனி கீழே பார்க்க நிறுத்தி, மூடியில் துளை போட்டு, சட்டையின் உள் பையில், உடம்புச் சூட்டிலேயே. சாவடியில் பேத்தி வண்டியை நிறுத்திவிட்டுத் தானே போய்த் தன் போனில் படம் காட்டி விளக்கினாள். அதே ஆள்தான். "ராணி நல்லாயிருக்காங்களா?" என்று கேட்டு அனுப்பினார்.

மறுநாள் ராணி வெளியே வந்தாள். பன்னிரண்டு நாள் கழித்து அந்த அம்மா போனில், "ஐயா, முட்டை போட்டிருக்குங்க. ஒரு அறைக்கு ஒண்ணுதான்," என்றார். ஒண்ணுதான் என்பதை அவர் சொன்ன விதம் இப்போதும் காதில் இருக்கிறது.

இப்போது என் வழக்கைச் சொல்கிறேன். நம் பகுதியில் யாராவது தேனீ வளர்க்க ஆசைப்பட்டால், அல்லது வளர்த்த கூட்டம் அழிந்தால், உடனே தோன்றுவது ஒன்றுதான்: பெட்டியோடு கூட்டம் வாங்கு. எங்கிருந்து? பெரும்பாலும் கன்னியாகுமரி மாவட்டம், மார்த்தாண்டம் பக்கம். அதில் ஆச்சரியமில்லை. 1920களிலேயே ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு மையம் வைத்துத் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்த இடம். ரப்பர் மரம் தழைவிடும் மாதங்களில் இலைக் காம்பில் ஊறும் இனிப்புத் திரவத்தை நம்பி அங்கே பெட்டிகள் நிறைகின்றன. மார்த்தாண்டத்தார் மேல் எனக்கு மரியாதை மட்டுமே. ஆனால் 400 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் குலுங்கி வந்து, ரப்பர் காட்டிலிருந்து நேரே உப்புக்காற்றும் சீமைக்கருவேலும் உள்ள கடற்கரையில் இறங்கும் கூட்டம் என்ன செய்யும்? ஒரு மாதத்தில் பல கூட்டங்கள் பெட்டியை விட்டே ஓடிவிடுகின்றன.

இதை நான் வாசித்து எழுதவில்லை. வேலையில் இருந்தபோது, எந்த அலுவலகம், எந்த வருஷம் என்பது வேண்டாம், தேனீப் பெட்டி வழங்கும் கோப்பு என் மேஜையில் இருந்தது. பயனாளி பெயர், தகப்பனார் பெயர், பெட்டி எண், கையொப்பம் அல்லது கைநாட்டு என்று நான்தான் பத்திகள் போட்டேன். பெட்டிகள் வந்தன, படம் எடுத்தோம், தொகை முழுதும் செலவானதாகச் சான்றிதழ் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு வைத்தேன். கோப்பு முடிந்தது. அடுத்த வருஷம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது ஒரு வீட்டில் பெட்டியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் சட்டங்கள் அடுப்புக்குப் போயிருந்தன. என் படிவத்தில் "கூட்டம் உயிரோடு உள்ளதா" என்று ஒரு பத்தி இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் போடவில்லை. 2020இல் மத்திய அரசு தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் அறிவித்ததைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கோழிதான்.

கூட்டமாகக் கொண்டுவருவதில் இதைவிடப் பெரிய ஆபத்து நோய். 1976இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட ஒரு வைரஸ், புழுவைத் தண்ணீர்ப் பை போலாக்கிக் கொல்வது, 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவுக்கு வந்து தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நாட்டுத் தேனீக் கூட்டங்களின் பெரும்பகுதியை அழித்தது. தலைமுறை தலைமுறையாக வளர்த்தவர்கள் வெறும் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். அந்த நோய் இன்னும் ஒழியவில்லை, அவ்வப்போது தலைகாட்டுகிறது. ஒரு கூட்டத்தை லாரியில் ஏற்றும்போது அதன் புழு, அடை, தேன், தேனீ எல்லாவற்றையும் ஏற்றுகிறோம். நோய்க்கு வேறு வாகனம் தேவையே இல்லை.

ராணி அறை என்றால் ஒரு வேர்க்கடலை அளவு. கூடவே வருவது விரற்கடை மெழுகு. தேனீ ஒன்றுகூட ஒட்டியிருக்காமல் இறகால் தள்ளிவிடலாம். அந்த விரற்கடையிலும் புழு இருக்கும் பகுதியைச் சீவி எறிந்துவிடலாம். இதனால் நோய் வரவே வராது என்று நான் சொல்லமாட்டேன், ராணியும் நோயுள்ள கூட்டத்தில் வளர்ந்திருந்தால் வைரஸைச் சுமக்கலாம். ஆகவே புழு ஒன்றுகூடச் சப்பிப்போகாத, மூடியில் ஓட்டை விழாத கூட்டத்திலிருந்து மட்டும்தான் எடுக்க வேண்டும். இருந்தாலும் ஒரு கூட்டத்தையே ஏற்றுவதோடு பார்த்தால் இது கடுகளவு.

இன்னொரு லாபம் எனக்கு மிகவும் பிடித்தது. ராணி அறையாகப் போகிறவள் கன்னி ராணி. போன இடத்தில் வெளியே வந்து, சில நாள் கழித்து ஒரு பிற்பகலில் பறந்து, அந்த ஊர் ஆண் தேனீக்கள் பலவற்றோடு சேர்ந்து திரும்புகிறாள். ஆக, அவள் பிள்ளைகளில் பாதி அந்த ஊர் ரத்தம். பொந்திலும் பனைமரத்திலும் இந்தக் காற்றையும் உப்பையும் தாங்கி வாழ்ந்த காட்டுக் கூட்டங்களின் ரத்தம். அவள் பறக்கும்போது மாநில எல்லையைப் பார்ப்பதில்லை. எங்கள் போலகத்து ராணியின் மாப்பிள்ளைகள் எத்தனை பேர் நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்கள் என்று எந்த அலுவலகத்துக்கும் தெரியாது. திட்டங்களும் மானியங்களும்தான் எல்லையில் நின்றுவிடுகின்றன. அந்தப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர் இந்தப் பக்கத்துப் பட்டியலில் வர முடியாது, இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்துப் பட்டியலில் வர முடியாது.

மறுப்புச் சொல்வார்கள். பேத்தியே சொன்னாள். கூட்டம் பிரியும் காலத்தில் கட்டும் அறைகளை எடுத்துப் பரப்பினால், அடிக்கடி பிரிகிற குணத்தையே பரப்புகிறோம் தாத்தா என்றாள். சரிதான். ஒரு வருஷத்தில் மூன்று தடவை பிரியும் கூட்டத்தின் அறையை நான் யாருக்கும் கொடுப்பதில்லை, அதை நசுக்கத்தான் வேண்டும். இருப்பதில் அமைதியான, தேன் சேர்க்கிற, ஆளைத் துரத்தாத கூட்டத்தினுடையதை மட்டும். முறையாகச் செய்ய வேண்டுமானால் நல்ல கூட்டத்தின் ஒரு நாள் புழுவை மெழுகுக் கிண்ணத்துக்கு மாற்றி வளர்க்க வேண்டும், அதற்குப் பேத்தியின் கண்ணும் கையும் வேண்டும். செருமாவிலங்கையில் வேளாண் கல்லூரி இருக்கிறது, மாதூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. தை மாசியில் நாள் குறித்த ராணி அறைகளை இப்படிப்பட்ட இடங்களில் வளர்த்து, கேட்டு வருபவர் கையில் டப்பாவோடு கொடுக்கலாம் என்பது என் ஆசை. செலவு என்று பார்த்தால் ஒரு லாரி வாடகைகூட ஆகாது. கொடுத்தவர்கள் அடுத்த மாதம் ஒரு போன் செய்து, "முட்டை ஒரு அறைக்கு ஒன்றா?" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பத்தி இல்லாத படிவத்தை நான் இனி ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அதுவரை நாங்கள் ஏழெட்டுப் பேர் எங்களுக்குள் செய்துகொள்கிறோம். யார் பெட்டியிலாவது ராணி அறை கண்டால் நசுக்குவதற்கு முன் மற்றவர்களுக்கு ஒரு போன். வேண்டுபவர், தன் பெட்டியில் ராணி இல்லை என்று ஒரு நாள் முன்னதாகவே உறுதி செய்திருக்க வேண்டும். இருக்கிற ராணியின் மேல் இன்னொரு ராணியைக் கொண்டுபோய் வைப்பது வீண். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து எடுத்துப்போய் ஒருவர் இரண்டு அறைகளை வேகவைத்துவிட்டார், குளிருக்கு மட்டும் பயந்தால் போதாது என்று அப்போது தெரிந்தது. என் பங்குக்கு நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மூடிய தேதி, தாய்க் கூட்டத்தின் எண், எடுத்த தேதி, போன ஊர், வெளியே வந்த நாள், முட்டை கண்ட நாள். மருமகன் இதைப் பார்த்துவிட்டு எங்கள் கொம்யூனில் பிறப்பு இறப்பு எழுதிய பழைய எத்தா சிவில் பதிவேடு மாதிரியே இருக்கிறது என்று சிரித்தார். இருக்கட்டும். சென்ற வருஷத்திலிருந்து இன்றுவரை 14 அறைகள் போயிருக்கின்றன, கடைசிப் பத்தியில் 9 இடங்களில் தேதி இருக்கிறது. முதல் இரண்டு வரிகளில் கோடு.

இப்போது இரண்டாம் எண் பெட்டியில் நாலு அறைகள், முந்தாநாள் மூடியவை. தேதியைப் பேத்தி உறுதி செய்துவிட்டாள். ஒருவர் நாளைக்கே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்தால் காபி மட்டும்தான் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.